உடம்பு தெளிந்த பிறகும் குடிக்கத் தோன்றுவது ஏன்?

போதைக்கு அடிமையாவதில் ரசாயனத்தின் பங்கு எத்தனை சதவீதம், மனதின் பங்கு எத்தனை சதவீதம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்குக் கீழே எழுதியிருக்கும் நாலு வரியில்தான் உங்கள் உண்மையான கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. உங்கள் தம்பி 12 நாள் மருத்துவமனையில் இருந்தார். கை நடுக்கம் நின்றது, பசித்தது, தூக்கம் வந்தது. ரத்தத்தில் இனி ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த 19ஆம் நாள், பழைய ஆபீசில் பாக்கிச் சம்பளம் வாங்கப் போனவர் குடித்துவிட்டுத் திரும்பினார். "உடம்பில் ஒன்றுமே இல்லை என்று டாக்டரே சொன்ன பிறகு எது இவனை இழுத்தது? இது நோயா, கொழுப்பா?" என்று முடித்திருக்கிறீர்கள். ஆக, சதவீதம் கேட்டாலும் யார் மேல் கோபப்படுவது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியிருக்கிறது. அதில் தப்பில்லை. வார்டில் எங்களிடம் வரும் குடும்பத்தார் அநேகமாக எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள், கொஞ்சம் சுற்றி வளைத்து.

நான் மனநல மருத்துவன். போதை மீட்பு வார்டில் 17 வருடமாக இருக்கிறேன். உங்கள் தம்பியைப் பார்த்ததில்லை என்பதால் அவருக்கு இன்ன மருந்து, இன்ன அளவு என்றெல்லாம் இங்கே சொல்ல முடியாது. பொதுவாக இந்த விஷயத்தில் எது உறுதியாகத் தெரிந்தது, எதில் இன்னும் சண்டை நடக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

முதலில், இரண்டு வேறு சங்கதிகளை ஒரே பெயரில் அழைத்து நாம் குழப்பிக்கொள்கிறோம். ஒன்று, உடம்பு ஒரு பொருளுக்குப் பழகி, அது இல்லாவிட்டால் தத்தளிப்பது. இன்னொன்று, கெடுதல் கண்ணெதிரே தெரிந்தும் அதைத் தேடித் தேடிப் போவது. முதலாவதை உடல்சார்பு என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவதுதான் அடிமைத்தனம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வருவதால் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

உடல்சார்பு நடக்கும் விதம் நன்றாகவே தெரிந்தது. மூளையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் ரசாயனம் ஒன்று உண்டு, பெயர் காபா. கிளர்ச்சியூட்டுவது குளூட்டமேட். மது முதலாவதன் வேலையைக் கூட்டுகிறது, இரண்டாவதன் வேலையைக் குறைக்கிறது. தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. எதிர்ப்பக்கம் இழுக்கத் தொடங்கும். வடம் இழுக்கும் போட்டி மாதிரி. மது ஒரு பக்கம் இழுக்க, மூளை மறுபக்கம் காலை ஊன்றிக்கொண்டு இழுக்க, வடம் நடுவில் அசையாமல் நிற்கும். அதனால்தான் பழைய அளவு போதாமல் போகிறது. பாட்டிலைக் காலி செய்துவிட்டும் ஆள் நிதானமாகப் பேசுகிறார். இப்போது மது திடீரென்று வடத்தை விட்டால்? மூளை அதே வேகத்தில் பின்னால் போய் விழும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். அரை நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நாலு நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறும். மூன்றாம் நாள் இரவு ஒருவர் படுக்கை விரிப்பிலிருந்து இல்லாத எறும்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் உள்ளங்கையில் வைத்தார். "பத்திரமா புடிங்க சார், கடிக்கும்" என்றார். மூடிய கையோடு அவர் தூங்கும்வரை நின்றிருந்தேன். காலையில் அவருக்கு எதுவும் நினைவில்லை.

இந்த நிலை உயிரைக் குடிக்கக்கூடியது. ஆகவே இங்கேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: பல மாதம் தினமும் நிறையக் குடித்தவரை வீட்டில் அறைக்குள் பூட்டி வைத்து நிறுத்த முயலாதீர்கள். நெஞ்சுரம் இருந்தால் தாங்கிவிடலாம் என்பது இந்த நாலு நாளுக்குப் பொருந்தாது. மருத்துவமனையில் காபாவுக்குத் துணையாக ஒரு மாத்திரையைக் கொடுத்து, நாளுக்கு நாள் அளவைக் குறைத்து, வடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவோம். கூடவே வைட்டமின் பி1 ஊசி. அது குறைந்தால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடலாம். ஹெராயின், மார்ஃபின் வகையை நிறுத்தினால் மூக்கொழுகும், மயிர்க்கூச்செறியும், வயிறு பிடுங்கிக்கொண்டு போகும். பார்க்க அதுதான் பயங்கரமாக இருக்கும். ஆனால் அதில் இறப்பு அரிது. அந்த அளவுக்குப் பயங்கரமாகத் தெரியாத மதுவின் விலகலே, அதாவது நிறுத்தியதும் வரும் உபாதையே, அதிக ஆபத்தானது.

சரி, உங்கள் தம்பியின் 12 நாளில் நடந்தது இதுதான். வடம் கீழே வைக்கப்பட்டது. மதுவைப் பொறுத்தவரை இந்தக் கட்டம் அநேகமாக ஒரு வாரம், பத்து நாளில் முடிந்துவிடுகிறது. தூக்கமும் மனநிலையும் சீராக இன்னும் சில வாரங்களோ மாதங்களோ ஆகலாம். டாக்டர் பொய் சொல்லவில்லை. 19ஆம் நாள் அவர் உடம்பில் மது இல்லைதான்.

இந்த இரண்டும் வேறு வேறு என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று பச்சைக் குழந்தைதான். கர்ப்பகாலம் முழுக்கத் தாய் ஹெராயின் எடுத்திருந்தால், பிறந்த ஒன்றிரண்டு நாளில் குழந்தை நடுங்கும், கீச்சென்று ஓயாமல் அழும், பால் குடிக்காது. நூற்றுக்கு நூறு உடல்சார்பு. ஆனால் அந்தக் குழந்தையை அடிமை என்று யாராவது சொல்வோமா? அதற்குத் தேடத் தெரியாது. எதைக் கொடுத்தால் நடுக்கம் நிற்கும் என்றே தெரியாது. சிகிச்சை முடிந்தபின் அதற்கு ஏக்கமும் இல்லை. பெரியவர்களிலும் அப்படித்தான். பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாரக்கணக்கில் மார்ஃபின் வாங்கியவர்கள், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், ரத்த அழுத்தத்துக்கோ படபடப்புக்கோ புரோப்ரனலால் எடுப்பவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள் எல்லாருக்கும் பட்டென்று நிறுத்தினால் உடம்பு கலவரப்படும். ஆனால் புரோப்ரனலாலுக்காக யாரும் வீட்டு நகையை அடகு வைத்ததில்லை.

எதிர்ப்பக்கமும் உண்டு. கொக்கைனை நிறுத்தினால் வலிப்பில்லை, வயிற்றுப்போக்கில்லை. அசதி, தூக்கம், எரிச்சல், சோர்வு, அவ்வளவே. ஆனாலும் பிடியில் அது யாருக்கும் குறைந்ததில்லை. சூதாட்டத்தில் எந்தப் பொருளும் உடம்புக்குள் போவதே இல்லை. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டில் சூதாட்டத்தைப் போதைப் பொருள்களோடு ஒரே அத்தியாயத்தில் வைத்தார்கள். அதே கையேட்டில் போதைப் பழக்கத்தைக் கண்டறிய 11 அடையாளங்கள் தரப்பட்டுள்ளன. தாங்குதிறன் கூடுவதும், அதாவது பழைய அளவு போதாமல் போவதும், விலகல் அறிகுறியும் அவற்றில் இரண்டு மட்டுமே. அதிலும், மருத்துவர் சொன்னபடி எடுத்த மருந்தால் வந்தால் அந்த இரண்டையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று குறிப்பே இருக்கிறது.

"அப்படியானால் மிச்சமெல்லாம் மனசுதானே, மனசு வைத்தால் முடியும்தானே" என்பீர்கள். அங்கேதான் சிக்கல். மனசு என்று நாம் சொல்வதும் மூளையில் நடப்பதுதான். அதிலும் நமக்கு முக்கியமானது, மூளை ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ளும் விதம்.

டோபமைன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை இன்ப ரசாயனம் என்று எழுதித் தள்ளுகிறார்கள். அது சரியான வர்ணனை இல்லை. 1990களில் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்து டோபமைன் நரம்புகளைக் கவனித்தார். முதலில் சாறு நாக்கில் பட்டதும் அந்த நரம்புகள் துடித்தன. சாற்றுக்கு முன்னால் ஒரு விளக்கை எரியவிட்டுப் பழக்கியதும், துடிப்பு விளக்குக்கு நகர்ந்துவிட்டது. சாறு வரும்போது ஒன்றுமில்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வழக்கமான துடிப்பும் அந்த நொடியில் தாழ்ந்துபோனது. ஆக, டோபமைன் சொல்வது "இது சுகம்" என்று இல்லை. "இதைக் கவனித்துக்கொள், நல்லது வரப்போகிறது" என்று. பழச்சாறு, நண்பர் முகம், பாராட்டு எல்லாவற்றுக்கும் எதிர்பார்த்தது கிடைத்ததும் இந்த அறிவிப்பு அடங்கிவிடும். போதைப் பொருள் ரசாயன வழியாக உள்ளே புகுந்து ஒவ்வொரு தடவையும் அந்த மணியை அடித்துவிடுகிறது. மூளைக்கு அது ஒவ்வொரு முறையும் எதிர்பாராத பரிசு. பாடம் முடிவதே இல்லை, ஆழமாகிக்கொண்டே போகிறது.

சிகரெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 20, ஒவ்வொன்றுக்கும் பத்து இழுப்பு. இழுத்துச் சில நொடிகளில் நிகோடின் மூளைக்குப் போய்விடும். நாளைக்கு 200 பாடம், வருடத்துக்கு 73,000. டீச்சர் இல்லை, லீவு இல்லை. அதே நிகோடினைத் தோலில் ஒட்டும் பட்டை வழியாகக் கொடுத்தால் மெதுவாக ஏறும், மணி அடிக்காது. பட்டைக்கு அடிமையாகிறவர்களைக் காண்பதே அபூர்வம். ரசாயனம் ஒன்றுதான். ஆனால் எவ்வளவு வேகமாக, எதோடு சேர்ந்து வருகிறது என்பதில்தான் எல்லாம் மாறுகிறது. நிகோடின் விலகல் முதல் வாரத்தில் உச்சம், மூன்று நாலு வாரத்தில் அடக்கம். ஆறு மாதம் கழித்துச் சண்டை ஒன்று முடிந்ததும் சட்டைப் பைக்குக் கை போகிறதே, அது விலகல் இல்லை. 73,000 பாடத்தில் ஒன்று.

இதில் இன்னொரு கிளை: வேண்டும் என்பதும் பிடிக்கும் என்பதும் தனித்தனி. ராபின்சனும் பெரிட்ஜும் 1993இல் இதை ஒரு கோட்பாடாகவே முன்வைத்தார்கள். பழக்கம் முற்ற முற்ற, பிடித்தம் கூடாமல் வேட்கை மட்டும் வளர்கிறது என்றார்கள். அதைப் படிக்கும் முன்பே வார்டில் அதைத் தமிழில் கேட்டிருக்கிறேன். "பிடிக்கவே இல்ல சார். வாயில வச்சதும் குமட்டுது. ஆனா வேணும்." குடும்பத்துக்குப் புரியாததும் இதுதான். ஜாலிக்குக் குடிக்கிறான் என்று நினைத்துத் திட்டுகிறார்கள். அவர் ஜாலியாக இருந்து பல வருடம் ஆகியிருக்கும்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த, மாணவர்களுக்குத் தவறாமல் சொல்லும் ஒரு சோதனை. ஷெப்பர்ட் சீகலும் அவர் குழுவும் 1982இல் வெளியிட்டது. எலிகளுக்கு ஒரு குறிப்பிட்ட அறையில் வைத்து ஹெராயினை அளவு கூட்டிக் கூட்டிப் பழக்கினார்கள். கடைசியில் எல்லாவற்றுக்கும் ஒரே பெரிய அளவு. அதற்கு முன் ஹெராயினையே பார்க்காத எலிகளில் 96 சதவீதம் செத்தன, அது எதிர்பார்த்ததுதான். பழகிய எலிகளுக்கு, பழகிய அதே அறையில் கொடுத்தபோது 32 சதவீதம் செத்தன. அதே மாதிரிப் பழகிய எலிகளை வேறு அறையில் வைத்துக் கொடுத்தபோது 64 சதவீதம் செத்தன. மருந்து ஒன்று, அளவு ஒன்று, பழக்கமும் ஒன்று. மாறியது அறை மட்டும். அறையைப் பார்த்ததுமே உடம்பு வடத்தைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுக்கத் தயாராகியிருக்கிறது. பார்க்காத அறையில் அந்தத் தயாரிப்பு இல்லை. தாங்குதிறனைப் போல உடம்பு சார்ந்த விஷயம் வேறில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அதில் பாதி, சூழலைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று தெரிந்தது.

இதையே திருப்பிப் பாருங்கள். அறையைப் பார்த்ததும் உடம்பு எதிர்ப்பக்கம் இழுக்கிறது, ஆனால் மருந்து வரவில்லை. அப்போது அந்த ஆளுக்கு எப்படி இருக்கும்? விலகல் அறிகுறி மாதிரியே இருக்கும். அமெரிக்காவின் லெக்சிங்டனில் போதை அடிமைகளுக்கான மருத்துவமனையில் வேலை பார்த்த ஏப்ரகாம் விக்லர் 1940களிலேயே இதைக் கவனித்தார். மாதக்கணக்கில் எதையும் தொடாதவர்கள், குழுவாக உட்கார்ந்து போதையைப் பற்றிப் பேசும்போது மூக்கை உறிஞ்சவும் கண்ணைத் துடைக்கவும் தொடங்கினார்கள். என் நோயாளி ஒருவர் இரவு ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்து குடிப்பவர். நிறுத்தி 14 மாதம். வழித்தடத்தையே மாற்றிக்கொண்டிருந்தார். ஒரு நாள் அவசரத்தில் பழைய எண் பஸ்ஸில் ஏறிவிட்டார். கடைசி சீட் காலியாக இருந்தது. "வாயில எச்சி ஊறுது சார், கை நடுங்குது, நெஜமாவே நடுங்குது" என்று அடுத்த நிறுத்தத்தில் இறங்கி எனக்குப் போன் செய்தார். அவர் ரத்தத்தை அப்போது சோதித்திருந்தால் ஒரு துளி மது இருந்திருக்காது. ஆனாலும் அந்த நடுக்கம் நடிப்பில்லை, கற்பனையும் இல்லை.

இடம் மாறினால் எவ்வளவு மாறும் என்பதற்கு எல்லாரும் சொல்லும் உதாரணம் வியட்நாம் போர். 1971இல் திரும்பிய அமெரிக்கப் படைவீரர்களை லீ ராபின்ஸ் ஆராய்ந்தார். அங்கே இருந்தபோது ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஹெராயின், அபின் வகைக்கு அடிமையாகியிருந்தார். அவர்களில், ஊர் திரும்பிய முதல் வருடத்தில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம், மூன்று வருடத்தில் 12 சதவீதம். உடல்சார்பு மட்டுமே அடிமைத்தனம் என்றால் இந்த எண் வரவே வராது. ஆனால் இதை அளவுக்கு மேல் நீட்டிப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவர்களுக்குப் பழகிய இடம், பழகிய ஆட்கள், பயம், சலிப்பு எல்லாம் ஒரே விமானப் பயணத்தில் கழன்றுவிட்டன. உங்கள் தம்பி சிகிச்சை முடிந்து அதே தெருவுக்கு, அதே கட்டிலுக்குத்தான் திரும்பினார். எலிப் பூங்கா என்று இன்னொன்றும் இணையத்தில் சுற்றுகிறது: கூண்டில் தனியாக இருந்த எலி மார்ஃபின் தண்ணீரைக் குடித்தது, கூட்டமாக விசாலமான இடத்தில் இருந்தவை குறைவாகக் குடித்தன என்று. புரூஸ் அலெக்சாண்டர் 1970களின் இறுதியில் செய்தது. பிறகு செய்து பார்த்தவர்களுக்கு அதே முடிவு சீராகக் கிடைக்கவில்லை. தனிமை கெடுதல் என்பதற்கு வேறு சான்றுகள் நிறைய இருக்கின்றன. இந்த எலிகளை நம்பி எதையும் கட்ட வேண்டாம்.

எல்லாரும் ஏன் மாட்டிக்கொள்வதில்லை? 1994இல் வெளியான பெரிய அமெரிக்கக் கணக்கெடுப்பின்படி, ஒருமுறையாவது தொட்டவர்களில் பின்னர் அடிமை நிலைக்குப் போனவர்கள்: புகையிலையில் 32 சதவீதம், ஹெராயினில் 23, கொக்கைனில் 17, மதுவில் 15, கஞ்சாவில் 9. பொருளுக்குப் பொருள் வித்தியாசம் இருக்கிறது. ஆனால் எந்தப் பொருளிலும் பெரும்பான்மை தப்பித்திருக்கிறது. இரட்டையர் ஆய்வுகளின்படி வித்தியாசத்தில் ஏறத்தாழ பாதி பரம்பரை. மிச்சத்தில் சின்ன வயதில் பட்ட அடி கனமானது. 1998இல் ஃபெலிட்டியின் ஆய்வில், குழந்தைப் பருவத்தில் நாலு வகையோ அதற்கு மேலோ கொடுமை, சீர்குலைவு கண்டவர்களுக்குக் குடிநோய், போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை கூடியிருந்தது. இளவயதில் தொடங்குவதும், தீராத பதற்றமோ மனச்சோர்வோ இருப்பதும் சேர்ந்துகொள்ளும். இவையெல்லாம் கூட்டத்துக்கான கணக்கு. குறிப்பிட்ட ஒருவர் ஏன் மாட்டினார் என்பதை இவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

அப்புறம், மனசும் ரசாயனமும் எதிரெதிர் கட்சி என்று நினைப்பவர்களுக்கு இரண்டு உதாரணம். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் பிரமிபெக்சால் போன்ற மருந்துகள் டோபமைனைப் போல வேலை செய்பவை. வாழ்நாளில் சீட்டுக்கட்டைத் தொடாத சிலர் இந்த மாத்திரை தொடங்கிய பின் சேமிப்பையெல்லாம் சூதாட்டத்தில் விட்டிருக்கிறார்கள். மாத்திரையைக் குறைத்ததும் பலருக்கு அது அடங்கிவிட்டது. முழுக்க மனசு என்று நாம் நினைத்த சூதாட்டத்தை ஒரு ரசாயனம் கிளப்பிவிட்டது. மற்றது 1973இல் ஆலன் மார்லட் செய்தது. குடிநோயாளிகளுக்குச் சுவை பார்க்கும் வேலை என்று சொல்லிப் பானம் கொடுத்தார். சிலருக்கு வோட்கா கலந்தது, சிலருக்கு வெறும் டானிக் தண்ணீர், மதுவில்லாத கசப்புச் சோடா. சொன்னது ஒன்று, கொடுத்தது இன்னொன்றாகவும் சிலருக்கு. மது என்று நம்பியவர்கள் அதிகம் குடித்தார்கள், உள்ளே மது இருந்தாலும் இல்லாவிட்டாலும். டானிக் என்று நம்பியவர்கள், உள்ளே வோட்கா இருந்தும், குறைவாகத்தான் குடித்தார்கள். ஒரு சொட்டு உள்ளே போனால் ரசாயனம் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடும் என்ற நம்பிக்கைக்கு அது பெரிய அடி. ஆகவே எத்தனை சதவீதம் என்ற உங்கள் கேள்விக்கு எண் கிடையாது. விளக்கு எரிவதில் திரியின் பங்கு எத்தனை சதவீதம், எண்ணெயின் பங்கு எத்தனை சதவீதம் என்று கேட்பது மாதிரி அது.

நோயா, கொழுப்பா என்பதற்கு வருகிறேன். இதை மூளை நோய் என்று அழைக்க வேண்டும் என்று 1997இல் ஆலன் லெஷ்னர் வாதிட்டார். அமெரிக்க அரசின் போதை ஆய்வு நிறுவனம் அந்தப் பக்கம்தான். கற்றல் தடம் மாறிய நிலை என்பவர்களும், தேர்வு செய்வதில் வரும் கோளாறு என்பவர்களும் இருக்கிறார்கள். சண்டை இன்னும் முடியவில்லை. எந்தப் பக்கமும் மறுக்காத ஒன்று இருக்கிறது: பரிசு கொடுத்தால் பழக்கம் குறைகிறது. சிறுநீர்ச் சோதனை சுத்தமாக இருந்தால் பொருள் வாங்கிக்கொள்ளும் சீட்டு என்று 1990களில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் கொக்கைன் நோயாளிகளுக்கு வைத்த திட்டம் நன்றாகவே வேலை செய்தது. முற்றிலும் கைமீறிய நோய் என்றால் சீட்டுக்கு அசையாது. வெறும் கொழுப்பு என்றால் வேலையும் வீடும் போனபோதே நின்றிருக்கும். என் சொந்தத் தீர்ப்பு இது: பழைய ஆபீஸ் வாசலில் உங்கள் தம்பிக்கு ஆசை கிளம்பியதற்கு அவர் பொறுப்பில்லை. ஆசை வந்தால் யாருக்குப் போன் செய்வது என்று முன்கூட்டி முடிவு செய்யாமல் தனியாகப் போனதில் அவருக்குக் கொஞ்சம் பொறுப்பு உண்டு. அதைச் சொல்லிக்கொடுக்காமல் டிஸ்சார்ஜ் எழுதியிருந்தால் மருத்துவமனைக்கு அதைவிட அதிகம் உண்டு.

இந்தப் பாகுபாட்டால் நடைமுறையில் என்ன லாபம் என்றால், எந்தச் சிகிச்சை எதற்கு என்று தெரியும். அந்த 12 நாள் உடல்சார்புக்கு. அதோடு நிறுத்தினால் பெரும்பாலும் வீழ்ச்சிதான். சிகிச்சை தோற்றதாகச் சொல்ல முடியாது, பாதியில் நின்றது. அடுத்த மாதங்களுக்கு ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன; எல்லாருக்கும் பலிக்காது, பலிப்பவர்களுக்கு நல்ல துணை. தூண்டும் இடம், நேரம், ஆள், மனநிலை ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்துப் பழகும் ஆலோசனை, மீண்டவர்களின் குழுக்கள், கூடவே மனச்சோர்வு இருந்தால் அதற்கான சிகிச்சை. ஹெராயின் வகைக்குத் தரும் மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின் பற்றி "ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்கிறார்களே" என்று முகம் சுளிப்பவர்கள் நிறைய. உடல்சார்பு தொடர்கிறது, உண்மைதான். ஆனால் திருட்டும் தேடலும் ஊசியும் நின்று, ஆள் வேலைக்குப் போகிறார். இறப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைகிறது. அடிமைத்தனம் போய் உடல்சார்பு மட்டும் மிஞ்சியது என்றால், சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுபவரைவிட அவர் எந்த வகையில் மோசம்? ஹெராயின் வகையில் இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சில வாரம் நிறுத்தியவருக்குத் தாங்குதிறன் இறங்கியிருக்கும். பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். மருத்துவமனையிலிருந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் இரண்டு வாரம் அதனால்தான் மிக அபாயம்.

இனி உங்கள் வீட்டுக்கு. அன்று ஒருநாள்தான் குடித்தாரா, அன்றிலிருந்து தினமும் குடிக்கிறாரா என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒருநாள் என்றால் அது சறுக்கல். அடுத்த முறை பார்க்க வரச்சொன்ன தேதி வரை காத்திராமல் அதே டாக்டரிடம் நாளைக்கே கூட்டிப் போங்கள். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால், மேலே சொன்ன காரணத்தால், வீட்டில் நிறுத்த வேண்டாம். "எல்லாம் போச்சு, இனி என்ன" என்ற எண்ணம்தான் சறுக்கலை வீழ்ச்சியாக்குகிறது. மார்லட் இதைப் பற்றித்தான் பின்னாளில் நிறைய எழுதினார். அந்த வாசகத்தை உங்கள் தம்பி மனசுக்குள் சொல்லிக்கொண்டிருக்கும்போது நீங்கள் வெளியிலிருந்து உரக்கச் சொல்லாதீர்கள். அவருக்குத் தெரியாமல் மாத்திரையைக் கலந்து கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டுக்கு வீடு கேட்கிறார்கள். கூடவே கூடாது. மதுவை உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரை உள்ளே இருப்பது தெரியாமல் குடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். தப்பித்தாலும், வீட்டில் யார் கொடுப்பதையும் அவர் பிறகு நம்ப மாட்டார்.

கோபம் கொஞ்சம் அடங்கியதும் அவரோடு உட்கார்ந்து அந்த நாளை நிமிஷக் கணக்கில் கேளுங்கள். "ஏன் குடிச்ச" வேண்டாம். அதற்கு அவரிடமே பதில் இருக்காது. எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினார், எந்த வழியாகப் போனார், முதலில் தோன்றியது பஸ்ஸிலா, ஆபீஸ் வாசலிலா, பணம் கைக்கு வந்தபோதா, பழைய நண்பர் யாராவது கூப்பிட்டாரா. வார்டில் நாங்கள் இதை ஒரு தாளில் எழுதவைப்போம். பாதிப் பக்கம் வருவதற்குள் அவரே ஓர் இடத்தில் பேனாவை நிறுத்தி "இங்கதான் சார்" என்பார். உங்கள் தம்பிக்கு அந்த ஆபீசில் இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா? இருந்தால் வங்கிக் கணக்கில் போடச் சொல்லி ஒரு கடிதம் எழுதுங்கள். அவர்கள் மறுத்தால், நீங்கள் கூடப் போங்கள்.